அண்ணன் எழுதியவையும் அண்ணி சொன்னவையும்

ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளை எறிந்துவிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் தந்தையார் அச்சகம் தொடங்கிய நாள்முதல் இது சட்டம். மை பரவிய தாள், கோணலாக விழுந்த தாள், கேட்ட தொகைக்கு மேலாக அடிபட்ட தாள் ஆகிய யாவும் மாலையில் அச்சகத்துக்கு மேலேயிருந்த வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் குடும்ப அலுவல் முழுவதும் அவற்றின் பின்புறத்திலேயே நடந்தது. பள்ளிக்கூடக் கணக்கைச் சலவைக்காரரின் பற்றுச்சீட்டுக்குப் பின்னால் செய்தோம். அம்மா கடைக்குக் கொடுத்துவிடும் துண்டுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா அழைப்பு இருக்கும்.

அண்ணனுக்குப் பெண் கேட்டுத் தம்பலகாமத்துக்குத் தந்தையார் எழுதிய கடிதமும் அவ்வாறு எழுதப்பட்டதே. அதன் மறுபுறத்தில் எருமைமாடு ஒன்று காணாமற்போன அறிவித்தல் இருந்தது. பெண்ணின் தகப்பனார் வயற்காரர். ஒரு தாளைக் கையில் எடுத்தால் இரு புறமும் பார்ப்பவர். அவர் அனுப்பிய பதிலின் முதற் பகுதி, அறிவித்தலில் சொன்ன அடையாளமுள்ள எருமை குளத்தடியில் நிற்பதாகத் தெரிவித்தது. சம்பந்தத்துக்குச் சம்மதம் அதற்குக் கீழே இருந்தது. எருமைக்கு உரியவர் மாட்டைப் பெற்றுக்கொண்டார். நாங்கள் அண்ணியைப் பெற்றுக்கொண்டோம்.

என் பக்திக்கும் இந்தத் தாள்களே அடி. கோயில்களுக்காக அடித்த பதிகப் புத்தகங்களின் பழுதான பக்கங்களிலிருந்தே நான் பாடம் பண்ணினேன். அவற்றின் பின்புறத்தில் அம்மாவின் கறிச்சரக்குத் துண்டு இருந்தது. இன்றும் காலையில் சாமியறையில் ஓதும்போது ஓரிரு இடங்களில் எனக்குச் சீரகம் நினைவுக்கு வருகிறது. இதை நான் குறையாகக் கருதுவதில்லை.

இந்தச் சட்டத்துக்கு ஒரேயொரு விலக்கு இருந்தது. அச்சகம் அடித்த ஒவ்வொன்றிலும் பழுதில்லாத ஒரு பிரதியைத் தந்தையார் எடுத்து வைப்பார். அதை மாதிரிக் கட்டு என்போம். நூல் கட்டி, ஆண்டுவாரியாக, தேக்கு அலுமாரியில் அடுக்கியிருக்கும். அவற்றின் பின்புறமும் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எவரும் கை வைக்க ஏலாது. தந்தையாருக்குப் பின் அச்சகத்தை ஏற்ற அண்ணன் அவரிலும் கண்டிப்பானவர். பேனையோடு அந்த அலுமாரிப் பக்கம் போக எனக்கும் அனுமதி இல்லை. அச்சகத்திலேயே பல காலம் பிழைதிருத்தியவன் நான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணனுக்குத் தொண்டையில் நோய் வந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் இருந்தது, குரல் போயிற்று. அதன்பின் அவர் எழுதிக்காட்டியே பேசினார். வீட்டிலிருந்த பழுதான தாள்கள் சில மாதங்களில் முடிந்துபோயின. அச்சகத்தில் கணினி வந்தபின் தாள் பழுதாவது அரிதாகியிருந்தது. முன்னேற்றத்தால் எங்களுக்கு விளைந்த முதல் இடைஞ்சல் அது. நான் கோடு போட்ட புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் அதைத் திறந்தார், தாளை விரலால் தடவித் தரம் பார்த்தார், மூடினார். பிறகு கலண்டரில் முடிந்த மாதத்தைக் கிழித்து, அதன் பின்னால் எழுதினார்:

"புதுத் தாளில கதைக்க மனம் வருகுதில்லை."

அடுத்த நாள் காலை அவர் தேக்கு அலுமாரியைத் திறந்ததாக அண்ணி சொன்னார். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தபோது, ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி அழைப்பிதழின் பின்புறத்தில் அவருடைய எழுத்து இருந்தது: "ஒரு பக்கம் சும்மாதானே கிடக்குது."

இவ்வாறு அண்ணனுடைய கடைசி ஆண்டுகளின் பேச்சு முழுவதும் மாதிரிக் கட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டது. ஒழுங்கில் அவர் குறை வைக்கவில்லை. பேசி முடிந்ததும் தாளை அதற்குரிய கட்டிலே, அதற்குரிய இடத்திலே திரும்ப வைத்துவிடுவார். காலையில் தொடங்கிய வாக்குவாதம் ஒன்று மதியத்துக்குள் மூன்று ஆண்டுகளின் கட்டுகளுக்குள் பிரிந்து போய்விடும்.

அண்ணன் சிவபதமடைந்தார். அச்சகத்தின் கீழ்த்தளத்தைக் கைத்தொலைபேசி திருத்துபவருக்கு வாடகைக்குக் கொடுத்தோம். அலுமாரி மேல் அறையில் நின்றது. கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு நூலகத்திலிருந்து அலுவலர் ஒருவர் வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். அச்சக உரிமையாளர் குடும்பங்களின் சொந்தப் பத்திரங்களையும் தொழிற் பத்திரங்களையும் பேணி வைக்கும் வேலை என்றார். எங்கள் ஊரில் அடிபட்ட துண்டுப்பிரசுரங்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்றும் சொன்னார். அது உண்மை. மதிலில் ஒட்டியவற்றை எங்கள் நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் பசைக்காகத் தின்றன. மானின் கழுத்துக்கு மேலே ஒட்டும்படி தந்தையார் எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினார், கேட்டவர்கள் குறைவு. வீடுகளில் வைத்தவற்றைக் கறையான் தின்றது. எஞ்சியவற்றைப் போரும் கடலும் கொண்டுபோயின.

அவரிடம் இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன: சொந்தப் பத்திரங்களுக்கு ஒரு வகை, தொழிற் பத்திரங்களுக்கு ஒரு வகை. முதலாவது தாளை எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஐயா, இது கிண்ணியா இழுவைப்படகு நேர அட்டவணை! பாலம் வர முந்தினது. எங்கட மூத்தவாப்பா இந்தப் படகைப் பற்றிக் கதை கதையாச் சொல்லுவார்."

"திருப்பிப் பார் பிள்ளை" என்றார் அண்ணி.

அவர் திருப்பினார். "கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்று எழுதியிருந்தது.

அந்தப் பெண் இரண்டு பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

தீர்வு எளிது என்று அவர் முதலில் எண்ணினார். அச்சடித்த பக்கமே ஊருக்கு வேண்டியது. அதைப் பதிவு செய்தால் போதும். மறுபக்கத்தைக் குறிப்பிடத் தேவையில்லை.

"அப்ப அவர் கதைச்சது?" என்றார் அண்ணி.

"அது பின்பக்கம்தானே அம்மா."

"உனக்குப் பின்பக்கம். எனக்கு அதுதான் முன்பக்கம்."

அலுவலர் உடனே இணங்கினார். இரு பக்கத்தையும் பதியலாம் என்றார். அதற்குமேல் மறுப்பு வராது என்று நானும் எண்ணினேன். அண்ணி சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கத் தொடங்கினார். "தேத்தண்ணி சூடில்லை." "யன்னலைச் சாத்தும்." "நான் அப்பிடிச் சொல்லேல்லை." "இது நேற்றையான் சம்பல்." வாசிக்க வாசிக்க அவருடைய முகம் மாறியது. கட்டை மூடி, நூலை இறுக்கிக் கட்டினார்.

"குடுக்க ஏலாது" என்றார்.

"ஏன் அம்மா?"

"ஏனெண்டோ? இதில நான் எங்க இருக்கிறன்? அவர் கேக்கிறார், ஏசுறார், உப்புக் கூடிப்போச்சு எண்டுறார். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. நாளைக்கு ஆரும் உங்கட நூலகத்தில இருந்து வாசிச்சால் என்ன நினைப்பினம்? வாய் பேச ஏலாத மனுசன் இவ்வளவு கெஞ்சியிருக்கிறார், பொம்பிளை ஒரு பதில் குடுக்கேல்லை, கல்லு மாதிரி இருந்திருக்கிறாள் எண்டுதானே?"

அண்ணிக்குக் குரல் இருந்தது. அதனால் அவர் எழுதவில்லை. எழுதாததால் அவர் சொன்ன ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த உரையாடல்களின்போது பக்கத்து அறையிலிருந்தவன் என்ற முறையில், அண்ணி பதில் கொடுக்காமல் விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சில பதில்கள் கீழே அச்சகம்வரை கேட்டன.

அலுவலர் வெறுங்கையோடு போனார். வானம் இருண்டுகொண்டு வந்தது. மாரி தொடங்கினால் மேல் அறையில் வாளி வைத்துப் பயனில்லை. தாள்கள் நனைந்தால் ஊரின் பிரசுரங்களும் போகும், அண்ணனின் பேச்சும் போகும். அண்ணிக்கும் அது தெரியும். இருந்தும் அவர் அசையவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் அவரை ஆறுதற்படுத்த முயன்றேன். நான் நாள்தோறும் ஓதும் பதிகங்களில் அடியார் வேண்டுகிறார், முறையிடுகிறார், சில இடங்களில் வெளிப்படையாகவே ஏசுகிறார். மறுபுறத்திலிருந்து வந்த மறுமொழி ஏட்டில் இல்லை. அதனால் இறைவன் மறுமொழி சொல்லவில்லை என்று எவரும் முடிவு செய்வதில்லை. எழுதிக்கொள்ள ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். இதை நான் சற்று விரிவாக எடுத்துரைத்தேன்.

அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தார்.

"சாமிக்கு அயலட்டையைப் பற்றிக் கவலையில்லை, தம்பி" என்றார். "எனக்கு இருக்கு."

பிறகு கீரையை ஒதுக்கிவிட்டு, "எழுதிக்கொள்ள ஆள் இருக்கேல்லை எண்டு சொன்னீங்கள் என்ன?" என்றார்.

"ஓம்."

"எனக்கு நீங்கள் இருக்கிறீங்கள்தானே."

அலுவலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் தம் மேலிடத்தில் கேட்டு, அண்ணியின் மறுமொழிகளைத் துணைக் குறிப்பாகச் சேர்க்கலாம் என்ற அனுமதியோடு வந்தார். ஒரு நிபந்தனை: அவற்றைப் பழைய தாளில் எழுதக்கூடாது; நூலகம் தரும் புதுத் தாளில், ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் என்பதைக் கேட்டு அண்ணி அந்தப் பெண்ணை இரக்கத்தோடு பார்த்தார்.

வேலை தொடங்கியது. அலுவலர் தாளை எடுத்து அச்சுப் பக்கத்தை உரத்து வாசிப்பார்; திருப்பி அண்ணியிடம் காட்டுவார்; அண்ணி தமது மறுமொழியைச் சொல்வார்; நான் எழுதவேண்டும். சாம்பல்தீவு வாசிகசாலையின் பொதுக்கூட்ட அறிவித்தல் வந்தது. அதன் பின்னால், "வெய்யிலுக்க முற்றத்தைக் கூட்டப் போறன்" என்று அண்ணன் எழுதியிருந்தார்.

"அண்டைக்குத்தான் ஆஸ்பத்திரியால வந்தவர். உங்களுக்கென்ன விசரோ எண்டு கேட்டனான்" என்றார் அண்ணி.

நான் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்: "தங்கள் எண்ணம் எனக்கு உடன்பாடன்று."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் அண்ணி. சொல்லைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறன். நூலகத்துக்குப் போறது."

"தம்பி, நான் ஒருநாளும் அவருக்கு உடன்பாடன்று எண்டு சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுசன் பயந்துபோய் டொக்டரைக் கூப்பிட்டிருக்கும்."

அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. சிறிது நேரத்தின் பின், எனக்குக் கை நோகும் என்று சொல்லி, மரியாதையாகப் பேனையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கை நோகவில்லை. தாள்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. இழுவைப்படகு அட்டவணைக்கு அண்ணி சொன்ன மறுமொழி: "அப்ப நாளைக்கு நீங்கள் சமையுங்கோ." அதற்கு அடுத்த தாளை வேறு கட்டிலிருந்து தேடி எடுத்தோம். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் உணவுப் பட்டியல்; பின்னால் "சரி, நான் சமைக்கிறன்" என்று இருந்தது. அதற்கடுத்ததைக் கோயில் தேர்த்திருவிழா விளம்பரத்தின் பின்னால் கண்டோம்: "கடையில எடுப்பம்."

"இதுக்கு என்ன சொன்னீங்கள் அம்மா?"

"சொல்லேல்லை. சிரிச்சனான். சிரிச்சது எண்டு எழுது."

அவர் எழுதினார்.

ஒரு தாளை நானே எடுத்துக் கொடுத்தேன். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுத்தது என் தவறு. அண்ணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாசி பிள்ளை" என்றார்.

அலுவலர் வாசித்தார்: "தம்பி இண்டைக்கும் பதிகத்தை நீட்டிப்போட்டான். தேத்தண்ணி ஆறிப்போச்சு."

"உங்கட பதில் அம்மா?"

"சாமிக்கும் ஆறித்தான் இருக்கும், பொறுங்கோ எண்டனான்."

அலுவலர் எழுதலாமா என்பதுபோல என்னை நோக்கினார். சொல்லப்பட்டது சொல்லப்பட்டதுதான் என்றேன். அடுத்த நாள் ஓதும்போது ஒரு பதிகத்தைக் குறைத்துக்கொண்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, தொண்டை கட்டியிருந்தது.

அண்ணி மறுமொழி மறந்த தாளே இல்லை என்று சொல்லலாம். எது எந்தக் காலை, யார் வந்திருந்தார்கள், குசினியில் என்ன வெந்தது என்பவற்றைச் சொல்லி, அதன்பின் தாம் சொன்னதைச் சொல்வார். இரு புறமும் பேச்சு நிறைந்து வர, அண்ணன் அறையில் இருப்பதுபோன்ற ஓர் ஒழுங்கு ஏற்பட்டது.

அலுமாரியின் கீழ்த்தட்டில் சோடாப் போத்தல் லேபிள்களின் கட்டு இருந்தது. இஞ்சிச் சோடா லேபிள்கள் வெட்டப்படாமல் முழுத் தாளாக இருந்தன. அதன் பின்புறத்தில், நடுவில், ஒரேயொரு வரி:

"நீர் சொன்னதுதான் சரி."

அலுவலர் பேனையோடு காத்திருந்தார். அண்ணி தாளை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்தைப் பற்றி அம்மா?"

"தெரியேல்லை."

"யோசிச்சுப் பாருங்கோ."

"கூரையாயிருக்கும்" என்றேன் நான். "ஓடு மாத்தச் சொல்லி நீங்கள்தான் முதல் சொன்னது."

"அதுக்கு அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளேல்லை."

"அப்ப கீழ்க்கடையை வாடகைக்கு விட்ட கதை?"

"அது அவர் போன பிறகு." அண்ணி தாளைத் திருப்பி லேபிள்களைப் பார்த்தார், அங்கே உதவி எதுவும் இல்லை. மீண்டும் திருப்பினார். "இதைக் காட்டினதே எனக்கு ஞாபகமில்லை. நான் குசினிக்க நிண்டிருப்பன். காட்டாமல் கொண்டுபோய் வச்சிட்டாரோ தெரியாது."

அலுவலர் மெதுவாகச் சொன்னார்: "மறுமொழி இல்லையெண்டு போடவா அம்மா? விடயம் என்ற இடத்தில ஏதாவது எழுதவேணும், இல்லாட்டிப் படிவம் நிறையாது."

கீழே கைத்தொலைபேசிக் கடையில் யாரோ ஒருவருடைய அழைப்பொலியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"விடயம் எல்லாம் எண்டு போடு பிள்ளை" என்றார்.

"எல்லாமோ?"

"ஓம். அவர் பிரிச்சுச் சொல்லேல்லைத்தானே. மறுமொழிக்கு, ஓம் எண்டு போடு. அண்டைக்குச் சொல்லேல்லை, இண்டைக்குச் சொல்லுறன். அதையும் எழுது."

அலுவலர் அவ்வாறே எழுதினார். அந்தத் தாளைக் கட்டினுள் பழைய இடத்தில் வைக்க அண்ணி விடவில்லை. முதற் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவேண்டும் என்றார். ஆண்டு ஒழுங்கு குலையும் என்று அலுவலர் சொன்னார். குலையட்டும் என்றார் அண்ணி. தந்தையாரும் அண்ணனும் பேணிய ஒழுங்கு அவ்விடத்தில் குலைந்தது.

பெட்டிகளின் வகைப் பிரச்சினையை அந்தப் பெண் தாமாகவே தீர்த்திருந்தார். இரு வகைப் பெட்டிகளிலும் இருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு, குடும்பமும் அச்சகமும் என்று ஒரே சீட்டாக ஒட்டினார். படிவத்தில் முன்பக்கம் என்ற இடத்தில் அண்ணனுடைய எழுத்தையும், பின்பக்கம் என்ற இடத்தில் அச்சையும் பதிந்தார். ஆகவே இழுவைப்படகு ஓடிய நேரத்தை அறிய விரும்பும் ஆய்வாளர் இனி "கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்பதன் பின்புறத்தில் தேடவேண்டியிருக்கும். மேலிடத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

மழைக்கு முன் பெட்டிகள் நூலகத்தின் வான் வண்டியில் ஏறின. அலுவலர் பொறுப்பேற்றதற்குப் பற்றுச்சீட்டு எழுதி, முத்திரை குத்தி, அண்ணியிடம் கொடுத்தார். நல்ல கனமான தாள். அண்ணி அதை வாசித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது. வண்டியின் பின்கதவு மூடப்படும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நான் சாமியறையிலிருந்து வெளியே வந்தபோது கடைக்குப் போகும்படி அண்ணி சொன்னார். கையில் ஒரு தாளைத் தந்தார். நூலகத்தின் முத்திரை ஒருபுறம். மறுபுறம் சீனி, தேயிலை, சீரகம், உப்பு. உப்புக்குப் பக்கத்தில் "கொஞ்சம்" என்று எழுதியிருந்தது.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வாசித்துவிட்டு, வழக்கப்படி மறுபுறத்தையும் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுத் துண்டுகளை அவர் எப்போதும் அவ்வாறுதான் பார்ப்பார்.